கடை சாத்திய பிறகும் தெரு தெரிய வேண்டும்

சேலத்தின் பழைய ஊரை நடந்தே சுற்றிவிடலாம். கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர், சுகவனேஸ்வரர் கோயில்கள், அக்ரஹாரங்கள், சின்னக் கடைவீதி, வ.உ.சி. மார்க்கெட், திருமணிமுத்தாற்றின் மேலுள்ள பாலங்கள் என எல்லாம் பக்கம் பக்கம்தான். சாயங்காலம் கால் வைக்க இடமிருக்காது. ஒன்பது, ஒன்பதரைக்கு ஷட்டர்கள் இறங்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் தெருவே வேறு மாதிரி ஆகிவிடும். அதுவரை அங்கே இருந்ததில் பெரும்பகுதி கடைக்காரர்கள் போட்ட வெளிச்சம். தெருவிளக்கின் யோக்கியதை அதன் பிறகுதான் வெளியே வரும்.

அதனால்தான் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குப் பிறகு போகச் சொல்கிறோம். ஏழு மணிக்கு அளந்த கணக்கை வைத்துத் தெருவிளக்குத் திட்டம் போட்டால் அது கடைகளின் வெளிச்சத்துக்குப் போட்ட திட்டம். தரையில் இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அளக்க வேண்டும். அதோடு ஒன்றரை மீட்டர் உயரத்தில், முகம் இருக்கும் மட்டத்தில், மீட்டரைச் செங்குத்தாகப் பிடித்தும் அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிரே வருபவர் முகம் பத்தடி தூரத்தில் தெரிந்தால்தான் தனியாக வரும் பெண் அந்தத் தெருவில் நுழைவார்.

தெருவிளக்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1944 சொல்வதன்படி, கடைத்தெருக்கள் வரும் பி1 வகைக்குச் சராசரி 8 லக்ஸ் போதும். மிகக் குறைந்த இடத்து அளவைச் சராசரியால் வகுத்தால் 0.3க்குக் கீழே போகக்கூடாது. சிக்கல் பெரும்பாலும் சராசரியில் வருவதில்லை, இந்தச் சீர்மையில்தான் வருகிறது. கம்பத்தடியில் 40, இரண்டு கம்பத்துக்கு நடுவே 1 என்று இருந்தாலும் காகிதத்தில் சராசரி நன்றாகவே வரும். ஆனால் 40க்குப் பழகிய கண்ணுக்கு அந்த 1 சுத்த இருட்டு.

நெடுஞ்சாலைக்கு வைக்கும் ஒன்பது மீட்டர் கம்பமும் 120 வாட் ஃபிட்டிங்கும் (விளக்கும் அதன் கூடும்) இங்கே ஒத்துவராது. வெளிச்சம் மாடி ஜன்னலுக்குள் போகும். "ராத்திரி தூங்கவே முடியலைங்க" என்று வீட்டுக்காரர்கள் சொல்ல, யாராவது ஏறி ஃபிட்டிங்கைத் திருப்பி வைப்பார்கள், தெரு மறுபடியும் இருட்டாகும். ஆறு மீட்டர் அகலத் தெருவுக்கு நாலரை மீட்டர் உயரத்தில் சுவர் பிராக்கெட், 16 மீட்டருக்கு ஒன்று, 30 வாட் போதும். கணக்கு எளிது. விளக்கு தரும் மொத்த ஒளியை லூமனில் சொல்வார்கள்; வாட்டுக்கு 120 லூமன் என்றால் 3,600 லூமன். அதில் தெருவில் விழுவது 0.4 பங்கு. தூசி, தேய்மானத்துக்கு 0.7ஆல் பெருக்கி, 96 சதுர மீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 10 லக்ஸ். பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவரில் விரியும் போல்ட் நிற்காது, முறுக்க முறுக்கக் காரை உதிரும். துளையைத் தூசி போக ஊதிச் சுத்தம் செய்து, பிசினால் ஒட்டிப் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர் வைத்து, முழுதாக இறுகும்வரை சுமை ஏற்றாமல் விட வேண்டும். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது அதற்கும் முந்தைய வேலை.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோட்டை மாரியம்மன் கோயில் பக்கத்துக் கடையில் மஞ்சள், குங்குமம், வேப்பிலை, கனகாம்பரம் எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். நிறங்கள் உள்ளபடி தெரிவதை நூற்றுக்கு அளக்கும் நிறத்துல்லியக் குறியீடு சோடியம் விளக்குக்கு 25 அளவில்தான். அதன் கீழே வேப்பிலை சாம்பலாகத் தெரியும், குங்குமம் பழுப்பாகும். மலிவான, நீலம் கலந்த வெள்ளையான 6500 கெல்வின் எல்.இ.டி.யில் பிரகாசம் இருந்தாலும் சிவப்பு செத்துப்போகும். குங்குமத்துக்குக் குங்கும நிறமே இல்லாத கடைமுன் யாரும் நிற்பதில்லை. குறியீடு 80க்கு மேல், மஞ்சள் சாயலுள்ள 2700 முதல் 3000 கெல்வின், சிவப்புக்கான ஆர்9 மதிப்பு பூஜ்யத்துக்கு மேல் என்று டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைக்காரர்கள் மட்டும் இதை ஒப்ப மாட்டார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளி பித்தளை சாயலில் தெரிகிறது என்பது அவர்கள் குறை. அது நியாயமான குறையும்கூட. அங்கே தெருவுக்கு 3000, கடைக்குள் அவர்கள் விருப்பப்படி 4000 என்று விட்டுவிடலாம்.

கோபுரத்துக்கு ஏழு நிறம் மாறும் விளக்குப் போடுவதை நாங்கள் வேண்டாம் என்றே சொல்வோம். சுதை உருவங்களுக்கு ஏற்கெனவே வர்ணம் இருக்கிறது, பச்சை விளக்கு அதை அழித்துவிடும். குறுகிய கற்றை, 3000 கெல்வின், பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழுந்தால் நிழலோடு உருவம் எழுந்து நிற்கும். கல்லில் துளை போடக்கூடாது. துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பும் ரப்பர் பட்டையும்தான், சாதா இரும்பு கல்லில் துருக்கறை விடும். தரையில் புதைக்கும் விளக்கு நீர் புகாத ஐபி67 வகை என்றாலும் ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் கட்டும். எரிந்து சூடான விளக்கு மழையில் திடீரெனக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, கேபிள் இழைகள் வழியாக ஈரத்தை உறிஞ்சுகிறது. ஜெல் நிரப்பிய இணைப்பும் அடியில் ஓரடி ஜல்லியும் இருந்தால் ஈரம் ஏறுவது நின்றுவிடும்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் கீழே சேலம் முழுக்க மின்னும். பார்க்க அழகுதான். ஆனால் கூரையில்லாத ஃபிட்டிங்குகளிலிருந்து நேரே மேலே போகும் வெளிச்சமும் அதில் உண்டு. அது தெருவுக்கு வராத வெளிச்சம்.

மின்சாரப் பக்கத்தில் மூன்று விஷயம். விளக்குகளை ஆர், ஒய், பி என்று ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று பேஸிலும் மாற்றி மாற்றி இணைக்க வேண்டும். ஒரு பேஸ் போனால் மூன்றில் ஒன்று அணையுமே தவிர தெரு முழுக்க அணையாது. ஒரே நாளில் வரிசையாகப் பல டிரைவர்கள் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) எரிந்தால் டிரைவரைக் குறை சொல்லும் முன், தெருவிளக்குகளுக்கு மின்சாரம் பிரியும் பெட்டியான ஃபீடர் பில்லரில் நியூட்ரலைப் பாருங்கள். நியூட்ரல் தளர்ந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வரும். 440 வோல்ட் தாங்கும் டிரைவருக்கு ஆகும் கூடுதல் செலவு இதற்குத்தான்; 10 கேவி சர்ஜ் புரொடெக்டர் மின்னல் போன்றவற்றால் வரும் திடீர் மின் எழுச்சிக்கு. மூன்றாவது, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. ஒவ்வொரு டிரைவரும் இயல்பாகவே முக்கால் மில்லி ஆம்பியர் வரை கசியும், ஆர்.சி.பி.ஓ.வோ 15ஐத் தாண்டினாலே டிரிப் ஆகலாம். நாற்பது விளக்கை ஒன்றில் மாட்டினால் தினமும் விழும். சலித்துப்போய் யாராவது அதை நேர்வயர் போட்டுத் தாண்டிவிடுவார்கள். அடுத்த மழையில் கம்பத்தைத் தொடும் குழந்தைக்கு அதுதான் ஆபத்து. ஒன்றுக்குப் பன்னிரண்டு விளக்கு, அதற்கு மேல் வேண்டாம்.

ஆடிப் பண்டிகைக்குச் சீரியல் செட் போடுபவர்கள் கம்பத்து ஜங்ஷன் பாக்ஸைத்தான் திறப்பார்கள். திட்டுவதால் பயனில்லை. நான்கு கம்பத்துக்கு ஒன்று வீதம், தனி எம்.சி.பி.யும் ஆர்.சி.பி.ஓ.வும் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டைப் பூட்டோடு, கைக்கெட்டாத உயரத்தில் வைத்துக் கொடுத்துவிடலாம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் பாதியாக மங்க வைக்கும் டைமர் இருந்தால், மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை வந்திறங்கும் தெருக்களில் மட்டும் மூன்றரைக்கே முழு வெளிச்சத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஒப்படைக்கும்போது நூற்றுக்கு ஐந்து ஃபிட்டிங், பத்து டிரைவர் உபரியாக வாங்கி, எந்தக் கம்பம் எந்தப் பேஸ் என்ற வரைபடத்தை லேமினேட் செய்து பில்லர் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். சாவி ஒன்று வார்டு வயர்மேனிடம் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தாலே, தூசிக்காக வைத்த அந்த 0.7 கணக்கு காப்பாற்றப்படும்.