உள்ளே இருந்தவரை இலவசம்

"உள்ள இருந்தப்ப ஒரு பைசா கேக்கலியே வக்கீலம்மா. வெளிய வந்ததும் முப்பத்தாறாயிரமா?"

வழக்கு போடக் கட்ட வேண்டிய கோர்ட் கட்டணத்தைப் பற்றி அண்ணாச்சி இதைக் கேட்டது கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் சிறையில் கொடுத்த விடுதலைச் சான்று, ஒரு மாற்றுச் சட்டை, தாத்தா காலத்துப் பத்திரத்தின் ஜெராக்ஸ். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் பதினான்கு ஆண்டுக்கு மேல் இருந்து, முன்விடுதலையில் வந்தவர். பேரும் ஊரும் வேண்டாம்.

இலவசச் சட்ட உதவி கொடுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனல் வக்கீலாக, அதாவது அதன் பட்டியலில் உள்ள வக்கீலாக, நான் அந்தச் சிறைக்குப் போய் வருகிறேன். அங்கேதான் அவரைப் பழக்கம். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். அவர் சொன்னது உண்மைதான், உள்ளே இருப்பவரிடம் யாரும் கட்டணம் கேட்பதில்லை. கைதி கொடுக்கும் மனுவுக்குக் கட்டணம் வேண்டாம் என்று 1870-ஆம் ஆண்டுக் கோர்ட் கட்டணச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் போதும், அவரே மேல் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1978-இல் ஹோஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அதன் 12-ஆம் பிரிவில், காவலில் இருப்பவர் என்ற ஒரு தகுதியே போதும். வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. வக்கீலும் இலவசம், கோர்ட் ஃபீயையும் ஆணைக்குழு பார்த்துக்கொள்ளும்.

கேட்டைத் தாண்டி வெளியே கால் வைத்த நிமிடத்தில் அந்தத் தகுதி போய்விடுகிறது. ஒரு மனிதன் தன் வாழ்க்கையிலேயே மிக ஏழையாக இருப்பது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சியின் வழக்கு பாகப்பிரிவினை. அப்பா இறந்தபோது இவர் உள்ளே. பரோலில் வந்து கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அதன்பின் மூத்தவர் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றி, சுற்றிலும் வேலி போட்டுவிட்டார். இந்த வேலியில்தான் விஷயமே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோர்ட் கட்டணச் சட்டம் 37-ஆம் பிரிவின்படி, சொத்தில் கூட்டு அனுபவத்தில், அதாவது நிலம் தன் கையிலும் சேர்ந்து, இருக்கும் பங்காளி பாகம் கேட்டால் சிறிய நிலையான கட்டணம். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் கேட்டால், தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். 2017-க்கு முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாய், இப்போது மூன்று. இவர் பங்கின் மதிப்பு 12 லட்சம், கட்டணம் 36,000. பதினான்கு வருடம் ஜெயிலில் இருந்தவர் நிலத்தில் எங்கே அனுபவத்தில் இருந்தார் என்றுதான் எதிர்த்தரப்பு கேட்கும். பங்காளி ஒருவர் கையில் இருந்தால் எல்லோர் கையிலும் இருப்பதாகத்தான் அர்த்தம் என்று வாதாடலாம். ஆனால் வேலி போட்டு, வாசலில் மறித்து, "உனக்கு இங்க ஒண்ணும் கெடையாது" என்று சொன்ன பிறகு அந்த வாதத்தை மட்டும் நம்பி இறங்க எனக்கு மனம் வரவில்லை.

பாப்பர் ஓ.பி. போடலாமே என்று சக வக்கீல் ஒருவர் கேட்டார். கட்டணம் கட்ட வசதியில்லாதவர் அதைக் கட்டாமலே வழக்கு போட அனுமதி கேட்கும் மனு அது, சிவில் நடைமுறைச் சட்டம் 33-ஆம் கட்டளை. 1976-இல் 'பாப்பர்' (பரம ஏழை) என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். எங்கள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. மனுதாரர் நேரில் வந்து தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. உள்ளே இருப்பவர் என்றால் ஒன்று விலக்கு வாங்க வேண்டும், இல்லை வழிக்காவலுக்குப் போலீஸ் கிடைக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அரசு வக்கீலுக்கு நோட்டீஸ், சொத்து விசாரணை என்று நான் நடத்திய ஒரு மனு வழக்காகப் பதிவாகி எண் ஆவதற்கே இரண்டரை வருடம் ஆனது. அதுவும் முழு விலக்கு கிடையாது. ஜெயித்தால் அந்தச் சொத்திலிருந்து அரசு முதலில் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். தோற்றால் கட்டச் சொல்லி உத்தரவு வரும்.

அதனால், வருமானம் வரம்புக்குள் இருப்பவர் என்ற தகுதியின் வழியாகவே ஆணைக்குழுவிடம் சட்ட உதவி கேட்டோம். வருமானச் சான்று கொண்டு வாருங்கள் என்றார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான். ஆனால் ரேஷன் கார்டில் இவர் பேரை எப்போதோ நீக்கியிருந்தார்கள். ஊரில் புதிதாக வந்த அதிகாரி, "நீங்க இந்த ஊர்க்காரர்னு யார் சொல்லுவா?" என்று கேட்டிருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது அண்ணாச்சி தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முறை பஸ் ஏறி அலைந்தார். பஸ் காசு பரோட்டாக் கடையில் பாத்திரம் கழுவிச் சேர்த்தது.

இவருடைய தங்கை வாதியாக வந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. அந்த அம்மாவுக்கு மூத்தவரை நினைத்தால் பயம்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. வருமானத்தைப் பற்றி விண்ணப்பதாரர் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம். நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, பிரமாணப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். ஆணைக்குழுச் செயலாளர் படித்தார், ஒப்புதல் கொடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு மனிதர் நான்கு மாதம் அலைந்திருக்கிறார். அந்த வரியை முதல் நாளே நான் எடுத்து நீட்டியிருக்க வேண்டும். சான்று எப்படியும் வந்துவிடும் என்று நானும் இருந்துவிட்டேன். இன்னும் எனக்கு அது உறுத்துகிறது.

இப்போதெல்லாம் சிறைக்குப் போனால், முன்விடுதலைப் பட்டியலில் இருப்பவர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: ஊரில் சொத்துத் தகராறு உண்டா, பிள்ளைகள் விஷயமாக வழக்கு போட வேண்டியிருக்கிறதா? இருந்தால், அவர் உள்ளே இருக்கும்போதே சட்ட உதவி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். வக்கீலை அமர்த்தும் வக்காலத்தில் ஜெயிலர் சான்றொப்பமும் அப்போதே.

அண்ணாச்சி வழக்குக்கு எண் விழுந்துவிட்டது. மூத்தவருக்குச் சம்மன் போயிருக்கிறது. வாய்தா அன்று காலை எட்டரைக்கே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். பத்தரைக்குத்தான் கோர்ட் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.