கண்ணகியை வாசிக்கும் முறை: சிலம்பும் வழக்குரையும்

வைகாசி வந்தால் இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, கண்ணகி கதையைப் பாட்டாகச் சொல்லும் வழக்குரை ஏட்டைப் படிப்பார்கள். அந்தக் கதையைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் பிறகு சிலப்பதிகாரத்தைக் கையில் எடுக்கிறார்கள். ஆனாலும் கண்ணகியின் பாத்திரப் பண்பை எழுதச் சொன்னால், கற்புக்கரசி, பொறுமைசாலி, நீதி கேட்டவள் என்ற மூன்று சொல்தான் விடைத்தாளில் வந்து விழுகிறது. மூன்றும் பிழையில்லை. ஆனால் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கண்ணகியை நளாயினியிடமிருந்து பிரித்துக் காட்ட முடியாது. யாருக்கும் பொருந்தும் அடைமொழி, பாத்திர ஆய்வு ஆகாது.

ஆய்வு என்பது மூலத்தில் கைவைத்துச் செய்யும் வேலை. ஒரு கொப்பியில் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்ணகி தன் வாயால் சொன்னது மட்டும்; காதையின், அதாவது காப்பியத்தின் அந்தப் பகுதியின், பெயரோடு எழுதவேண்டும். வலப்பக்கம் மற்றவர்கள் அவளைப் பற்றிச் சொன்னது. சொன்னவர் யார், எந்த நிலையில் நின்று சொன்னார் என்பதும் சேரவேண்டும். 'மாசறு பொன்னே வலம்புரி முத்தே' வலப்பக்கத்துக்கு உரியது. அது புதுமணக் கோவலனின் மயக்கத்தைக் காட்டும் சான்று. கண்ணகி எப்படிப்பட்டவள் என்பதற்குச் சான்று அல்ல. இந்த இரண்டையும் கலப்பதுதான் விடைகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

இப்படி எழுதிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, புகார்க் காண்டத்தின் பத்துக் காதைகளிலும் இடப்பக்கம் எவ்வளவு வெறுமையாகக் கிடக்கிறது என்பதுதான். மனையறம் படுத்த காதையில் கோவலன் பேசிக்கொண்டே போகிறான், அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. கனாத்திறம் உரைத்த காதையில்தான் வாய் திறக்கிறாள். தோழி தேவந்தியிடம் தான் கண்ட கனவைச் சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவன் கிடைப்பான் என்று தேவந்தி சொன்னதும், 'பீடன்று' (அது பெருமையன்று) என்று ஒரே சொல்லில் மறுக்கிறாள். கோவலன் திரும்பி வந்து பொருள் தொலைத்த வெட்கத்தைச் சொன்னதும் 'சிலம்புள கொண்ம்' (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்கிறாள். அழுகை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. ஊரைவிட்டுப் புறப்பட்டுச் சிறிது தூரம் நடந்ததும், மதுரை எது என்று கேட்கிறாள். முப்பது காதம் உள்ள ஊரை, பக்கத்தில்தான் என்று சொல்லிக் கோவலன் சிரிக்கிறான்.

'அமைதியான பெண் கணவன் இறந்ததும் திடீரென்று எரிமலையானாள்' என்று எழுதுகிறவர்கள் இந்தப் 'பீடன்று' என்ற மறுப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தனக்குச் சரியென்று படாததை யார் சொன்னாலும் செய்யாத உறுதி அங்கேயே இருக்கிறது. கொலைக்களக் காதையில் அது இன்னும் தெளிவு. கணவனுக்குச் சோறு படைத்து முடித்த கையோடு, 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். பொறுமைசாலி என்ற ஒற்றைச் சொல்லால் இந்த வரியை விளக்க முடியாது. அரசவையில் வெடிக்கிற குரல் முன்பே தாழ்ந்த சுருதியில் கேட்டுவிட்டது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்கு மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்கவேண்டும். நீ யார் என்று பாண்டியன் கேட்கிறான். பெயரைச் சொன்னால் போதுமான கேள்விதான். ஆனால் அவள் 'தேரா மன்னா' (ஆராயாத மன்னனே) என்று அவன் குற்றத்தில் தொடங்குகிறாள். அடுத்து, புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீர் கண்டு தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். பிறகு மாசாத்துவானின் பெயர், அவன் மகன் பிழைப்புத் தேடி வந்தது, சிலம்பு விற்க நுழைந்தது, கொலைப்பட்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் 'கண்ணகி என்பதென் பெயரே'. தன் பெயரைக் கடைசியில் வைத்ததில் ஒரு வழக்கறிஞரின் ஒழுங்கு இருக்கிறது. அளவுகோலை முதலில் நிறுத்துகிறாள்: சொந்த மகனைத் தண்டித்த அரசன் அவன், விசாரிக்காமல் கொன்ற அரசன் நீ. அந்த அளவில் பாண்டியன் அப்போதே தோற்றுவிட்டான். சிலம்பு உடைவது அதற்கான தடயம் மட்டுமே. அவளுடைய சிலம்பில் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. இந்த வேறுபாட்டைப் பாண்டியன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட பின்னர்தான் அவள் உடைக்கிறாள். இந்த ஒழுங்கைக் காட்டாமல் 'ஆவேசமாக வாதிட்டாள்' என்று எழுதினால் இளங்கோ செய்த வேலையில் பாதி போய்விடும்.

பாண்டியனைக் கொடுங்கோலன் என்று எழுதுவதும் அவசரம்தான். கூத்தியரின் ஆடல் பார்த்த கணவனோடு ஊடி, தலைவலி என்று எழுந்துபோன தேவியைச் சமாதானம் செய்யப் போகிற வழியில் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். அரசன் இட்ட கட்டளையில் ஒரு நிபந்தனை உண்டு: சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வருக. இருப்பது யாருடைய சிலம்பு என்று பார்க்கத்தான் யாருமில்லை. காவலர்கள் கோவலனைக் கண்டு, இவன் கள்வனைப் போல் இல்லையே என்று தயங்கியும், குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசனின் அவசரம், பொற்கொல்லனின் சூழ்ச்சி, ஒரு குடிகாரனின் கை. பழியை இந்த மூன்றுக்கும் பகிர்ந்து எழுதினால்தான் 'கெடுகவென் ஆயுள்' என்று அவன் விழுந்து இறப்பதற்குப் பொருள் வரும். கொடியவன் அப்படி இறக்கமாட்டான்.

இனி கோயிலில் படிக்கும் நமது வழக்குரை. வி. சீ. கந்தையா பதிப்பித்ததால் கோயில் ஏடு நமக்கு அச்சில் கிடைக்கிறது. அதில் கண்ணகி பாண்டியனின் மாமரத்துக் கனியில் பிறக்கிறாள்; பேழையில் அடைத்துக் கடலில் விடப்பட்டு வணிகர் கையில் சேர்கிறாள். அவளது சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலோட்டி வெடியரசனோடு பொருதும் கடலோட்டுப் பகுதி தனிக் கதையாகவே விரிகிறது. இந்தப் பிறப்புக் கதை கருப்பொருளையே நகர்த்திவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் முன்பின் அறியாத ஒருத்திக்கு அரசன் நீதி தவறுகிறான். வழக்குரையில் அவள் அவன் மனையில் பிறந்து அவனால் கைவிடப்பட்டவள், ஆகவே அரசநீதியோடு பெற்றவன் பிழையும் சேர்ந்து நிற்கிறது. முடிவும் வேறு. இளங்கோ வஞ்சிக் காண்டத்தில் சேரனை இமயத்துக்கு அனுப்பிக் கல் எடுப்பித்துக் கோயில் கட்டுகிறார். அந்த விழாவில் இலங்கை மன்னன் கயவாகுவும் நிற்கிறான். நமது பாடலோ குளிர்த்தியில் வந்து நிற்கிறது: எரிந்தவளைக் குளிரவைத்து ஊரைக் காக்கச் சொல்வது. பத்தினியின் பெருமையை நாட்டுவது அங்கே முக்கியம், அவள் சினத்தோடு ஊர் எப்படி வாழ்வது என்பது இங்கே முக்கியம். ஒப்பிட்டு எழுத நம் மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது என்பது என் கருத்து.

ஒப்பிடுங்கள், ஆனால் கலக்காதீர்கள். இளங்கோவின் கண்ணகி மாநாய்கனின் மகள், மணமாகும்போது பன்னிரண்டு வயது. சிலப்பதிகாரக் கேள்விக்கு மாங்கனிப் பிறப்பை எழுதினால் புள்ளி போகும். 1942இல் வந்த 'கண்ணகி', 1964இல் வந்த 'பூம்புகார்' ஆகிய படங்களிலிருந்து வசனத்தை எடுத்து மூலத்தின் வரியாக எழுதுவதும் அப்படித்தான். படத்தைத் தனியாக வாசிக்கவேண்டும். அங்கே நீதிமன்றக் காட்சி நடிகையின் குரலுக்கும் முகத்துக்கும் ஏற்ப நீள்கிறது. மூலத்தில் அது சில வரிகளில் முடிகிறது.

கருப்பொருளை நிறுவ ஒரு சோதனை சொல்கிறேன். நூலின் முகப்பான பதிகம் மூன்று செய்தியைச் சொல்கிறது: அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்று, பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை வந்து ஊட்டும். மூன்றையும் மனனம் செய்து ஒப்புவிப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் எந்த நிகழ்ச்சியை நீக்கினால் அது இடிந்துபோகும் என்று கேளுங்கள். ஊழுக்கு அது கட்டுரைக் காதை. கோவலன் முற்பிறப்பில் பரதனாக இருந்து சங்கமனைக் கொன்றதையும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் மதுராபதித் தெய்வம் அங்கேதான் சொல்கிறது. மதுரை எரிந்த பிறகு இந்த விளக்கம் வருகிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். வாசகர் ஊழை அறியாமலே பாண்டியன்மேல் கோபப்படவேண்டும் என்று இளங்கோ விரும்பியிருக்கிறார்.

கோவலனை ஊதாரி என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். ஊர் இரு கட்சியாகப் பிரிந்து கொம்பு இழுக்கும் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியார் அவன் பக்கம், தென்சேரியார் கண்ணகி பக்கம். ஊரில் பாதியை அவனுக்காக நிறுத்துகிற மரபு நம்முடையது, வாசிப்பிலும் அவனுக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாம். கானல்வரியில் மாதவி பாடிய பாட்டை வைத்து அவள் மனம் வேறிடத்தில் என்று அவனே தீர்ப்புச் சொல்லி எழுந்துபோகிறான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாதவி எழுதிய முதல் கடிதத்தையும் வாங்க மறுக்கிறான். மதுரைக்குப் போகும் வழியில் கௌசிகன் கொண்டுவந்த இரண்டாம் கடிதத்தைப் படித்த பிறகுதான் தவறு தன்னுடையது என்று உணர்கிறான். அதே ஓலை தன் பெற்றோருக்கும் பொருந்துவதாகக் கண்டு அவர்களிடமே கொடுத்தனுப்புகிறான். விசாரியாமல் பாட்டை நம்பியவன், விசாரியாமல் சிலம்பை நம்பிய அரசனால் சாகிறான். பிழையைக் கண்டதும் இருவருமே அதை ஏற்றுக்கொள்கிறார்கள். கோவலனையும் பாண்டியனையும் இப்படிப் பக்கத்தில் வைத்துக் கொப்பியில் இன்னொரு பக்கம் எழுதிப் பாருங்கள். 'தேரா மன்னா' என்ற சொல் யார் யாருக்கெல்லாம் பொருந்துகிறது என்பதற்கு மாதவியின் இரண்டு ஓலைகளும் சான்றாக வரும்.