எக்ஸ்எல்லுக்கு முன்னால் ‘ஆன்’

2025 ஜூலை 7, திருப்பூர்

மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசிங் வேலைக்கு, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, ஆங்கிலத்தில் மெயில் அடிக்கும்போது ஒரு சொல்லுக்கு முன்னால் போடும் ஆர்ட்டிகிள் ‘ஏ’யா (a) ‘ஆன்’னா (an) என்ற இடத்தில் கை நின்றுவிடுகிறது. ஏ, ஈ, ஐ, ஓ, யு உயிரெழுத்துகள், அவற்றுக்கு ‘ஆன்’ என்று பள்ளியில் உருப்போட்டதை வைத்தே எழுதுகிறார்கள். எழுத்தைப் பார்க்கவே கூடாது, காதில் விழும் முதல் ஒலிதான் கணக்கு: உயிரொலி என்றால் ‘ஆன்’, மெய்யொலி என்றால் ‘ஏ’.

ஜூலை 8

இன்று சைஸ் லேபிளையே பாடமாக்கினேன். எஸ், எம், எல், எக்ஸ்எல் எல்லாமே ஆங்கிலத்தில் மெய்யெழுத்துகள். ஆனால் வாயைத் திறந்தால் முதலில் வருவது ‘எ’. அதனால் எல்லாவற்றுக்கும் ‘ஆன்’. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று விரித்து எழுதினால் ‘ஏ’. டபுள் எக்ஸ்எல் என்று வாசித்தாலும் ‘ஏ’தான்.

“அதே சட்டைதானுங்க்கா, பேரைச் சுருக்குனா ஆர்ட்டிகிளும் மாறுமுங்களா?”

“மாறும் கண்ணு. சட்டையை விடு, சத்தத்தைக் கவனி.”

ஜூலை 10

தமிழில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். முதலில் உயிரெழுத்து நின்றால் ‘ஆன்’, உயிர்மெய் நின்றால் ‘ஏ’. யூரோப்பியன் பையர், யுகே ஆர்டர், யூனிஃபார்ம் எல்லாம் ‘ய’ வரிசை, ஆகவே ‘ஏ’. ஒரு யானை என்கிறோம், ஓர் யானை என்பதில்லையே, அதே நியாயம். ஹானஸ்ட் என்று எழுதிப் பழகியதில் ‘ஹ’ ஒலிப்பதே இல்லை, ‘ஆனஸ்ட்’தான். ஒன் எய்ட்டி ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி வந்தால் ‘வன்’ என்று காதில் விழுகிறபடி எழுத வேண்டும், அங்கே ‘ஏ’.

ஒரு சிக்கல் உண்டு. பேச்சில் எலியை ‘யெலி’ என்கிறோம், அந்தப் பழக்கத்தில் எக்ஸ்ட்ரா பட்டனும் ‘யெக்ஸ்ட்ரா’ ஆகிவிடுகிறது. அந்த ‘ய்’ நம் வாய் சேர்ப்பது, ஆங்கிலத்தில் கிடையாது. அதை விட்டுச் சொல்ல வைத்தேன். சொல்லச் சொல்லத்தான் ‘ஆன்’ தானாக வந்து உட்கார்ந்தது.

ஜூலை 14

அடுத்து நிற்கும் சொல்தான் முக்கியம். ஆர்டருக்கு ‘ஆன்’, ரிபீட் ஆர்டருக்கு ‘ஏ’, அர்ஜன்ட் ரிபீட் ஆர்டர் என்றால் மறுபடி ‘ஆன்’. சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூலை 16

ஒரு பெண்ணின் கம்பெனியில் ஏப்ரன் (சமைக்கும்போது உடைமேல் கட்டும் துணி) சாம்பிள் தைக்கிறார்களாம். அந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன். பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்பதற்கான சொல்லிலிருந்து வந்ததுதான் ‘ஆன்’. மெய்யொலிக்கு முன்னால் அதன் ‘ன்’ தேய்ந்துபோய் ‘ஏ’ மிஞ்சியது. ஏப்ரனின் பழைய பெயர் நேப்ரன். ‘ஏ நேப்ரன்’ என்றதை ஜனங்கள் ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துக் கேட்டார்கள், சொல்லே மாறிவிட்டது. அதே குடும்பத்து நாப்கின் மட்டும் ‘ந’வை விடாமல் வைத்திருக்கிறது. இவ்வளவு சின்னச் சொல்லுக்குள் இத்தனை வரலாறு இருப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

நாளைக்கு எல்சி (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்), எஃப்ஓபி விலை (சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரையிலான விலை). பேங்க் மெயிலில் தினம் வருபவை, இரண்டுக்கும் ‘ஆன்’.