பெடல் எட்டாத பட்டியல்

மே 5, திங்கள்

நேற்றே அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டதால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கிடங்கில் பதினோரு மணிக்கு மேல் இரும்பைத் தொட முடியவில்லை. பழுதுபார்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக அறக்கட்டளைக்கு நன்கொடையாக வந்து சேர்ந்த பழைய சைக்கிள்களை அளவுவாரியாகப் பிரித்து நிறுத்தினோம். 34 சைக்கிள்களில் 22, பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த, முன்னால் கூடை வைத்த பெரிய சைக்கிள்கள். ஒன்பது பழைய கறுப்புச் சைக்கிள்களில் கேரியரும் ஸ்டாண்டும் தவிர வேறெதுவும் தேறுமா என்பது சந்தேகம். 20 இன்ச் சைக்கிள்கள் மூன்றே மூன்றுதான். அறக்கட்டளை என் கையில் கொடுத்திருக்கும் பட்டியலிலோ நாற்பது பெயர்கள் உள்ளன. பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள். எட்டு வயதுப் பிள்ளையைக் கூடைச் சைக்கிளில் ஏற்றினால், பெடல் மேலே வரும்போது மட்டும்தான் கால் எட்டும்.

மே 6, செவ்வாய்

காற்று வால்வுக்குப் போடும் ரப்பர் வால்டியூப் தீர்ந்துவிட்டதால் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பிடி வாங்கி வந்தேன்.

மே 8, வியாழன்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு ஒரு மாணவன் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். கல்லூரிக்குப் பேருந்தில்தான் போகப்போவதாகவும், வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும் என்றும் சொன்னான். திருட்டுச் சைக்கிள் என்று பின்னால் பேச்சு வரக்கூடாது என்பதற்காகக் கொடுப்பவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறோம். அவன் அதை ஏதோ சான்றிதழ் போல நிதானமாகப் படித்துவிட்டு, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டான். இதுவும் பெரிய சைக்கிள்தான்.

மே 9, வெள்ளி

சைக்கிள் கடை அண்ணன் இன்று எனக்குச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். ரிம் வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் இடப்பக்கப் போக்ஸ் கம்பிகளை முறுக்க வேண்டும். அதுவும் ஒரே கம்பியை இழுத்துப் பிடிக்காமல், அக்கம்பக்கத்துக் கம்பிகளுக்கும் சேர்த்துக் கால் திருப்பு, கால் திருப்பாக முறுக்க வேண்டும். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தால் சக்கரம் நேராவது கண்ணுக்குத் தெரிகிறது. பால்ரஸ் குண்டுகளைக் கழுவ மண்ணெண்ணெய் கிடைக்காததால் டீசலில் ஊறப்போட்டிருக்கிறோம். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை மட்டும் அவர் ஒரு நாளைக்குப் பலமுறை நினைவூட்டுகிறார்.

மே 11, ஞாயிறு

விடுமுறை நாளிலும் பட்டியல்தான் மனத்தில் ஓடியது. அம்மாவிடம் சொன்னபோது அவர் 1992க்குப் போய்விட்டார். எழுத்தறிவு கொடுக்க வந்த அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை முழுவதும் பரவியிருந்த காலம்; ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பெண்கள் பலர் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதற்காகப் பிறகும் அதையே வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அம்மாவும் வாடகைச் சைக்கிளில்தான் பழகியிருக்கிறார். "அளவா பார்த்தோம்? போக வேண்டிய தூரம் இருந்தது, ஏறினோம்" என்றார்.

மே 14, புதன்

சைக்கிள் கொடுக்கும் விழாவுக்கு ரோஸ் நிற ரிப்பன் வாங்க வேண்டும் என்று அறக்கட்டளைச் செயலாளர் சொன்னார். மேடையில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்றால்தான் படம் நன்றாக வருமாம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், நன்கொடையாளர்களுக்கு அனுப்ப அவருக்குப் படம் தேவைப்படுகிறது. ஆனால் பட்டியலில் இருக்கும் பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்கூடத்துக்குத் தெருமுனையைத் தாண்டினால் போதும். சுற்றியுள்ள ஊர்களில் நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளியைத் தேடி நாலைந்து கிலோமீட்டர் போக வேண்டும். இலவசப் பஸ் பாஸ் இருக்கிறது என்றாலும், காலையில் ஒரு பேருந்தும் மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் புறப்பட்டுவிடும் ஒரு பேருந்தும் உள்ள ஊரில் அந்தப் பாஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அரசுச் சைக்கிள் வருவதோ பதினொன்றாம் வகுப்பில். நடுவில் உள்ள இந்த இரண்டு ஆண்டுகளில்தான் பெண் பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். சீட்டைக் கீழே இறக்கினால் பதின்மூன்று வயதுப் பெண் கூடைச் சைக்கிளைத் தாராளமாக ஓட்டுவாள். கிடங்கில் இருக்கும் சைக்கிள்களுக்குப் பொருத்தமான பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் பெயர்தான் பட்டியலில் இல்லை.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு முடிவு வந்திருக்கிறது. தேறியவர்களுக்கு இனி அரசு பார்த்துக்கொள்ளும். எனக்கு வேண்டியவர்கள் இரண்டு வகுப்பு கீழே நிற்கிறார்கள்.

மே 20, செவ்வாய்

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் விடுமுறையிலும் வந்து, ஒன்பதாம் வகுப்புக்குப் போகவேண்டிய 19 பிள்ளைகளின் பெயர்களைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் சிறிய கேள்விக்குறி போட்டிருந்தார். அது எதற்கு என்று கேட்டேன். "டி.சி. வாங்க இன்னும் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை" என்றார்.

மே 23, வெள்ளி

கையிருப்புப் பணத்தில் புதிதாகச் சின்னச் சைக்கிள்கள் வாங்கிக்கொள்ளலாம், பெரியவற்றை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறதாம். நாங்கள் ஓவராயில் செய்து துடைத்து வைத்த 23 சைக்கிள்களும் இன்னொரு வெயிலில் கிடந்து டயர் வெடிக்க வேண்டும் போலிருக்கிறது. கோடை விடுமுறைக்குச் சம்பளத்துக்கு வந்த ஆளுக்குக் கூட்டத்தில் பேச இடமில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் 19 பெயர்களையும் தட்டச்சு செய்து, ஊரிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரத்தையும் எதிரே போட்டு, செயலாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ரிப்பன் வாங்கவில்லை.

மே 25, ஞாயிறு

மழை பெய்தது, கிடங்கு ஒழுகியது.

மே 28, புதன்

செயலாளர் அந்தத் தாளைப் படித்திருக்கிறார். பிள்ளைகளை வரவழைத்து ஓட்டிக் காட்டச் சொன்னார். பதினாறு பேர் வந்தார்கள். கேள்விக்குறி போட்ட மூவரில் ஒருத்தியும் வந்திருந்தாள். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் படும்வரை சீட்டை இறக்கி, நட்டை முடுக்கி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து ஒவ்வொருவராக அனுப்பினோம். கூட வந்த ஒரு தம்பிப் பயல் யாரையும் கேட்காமல் கறுப்புச் சைக்கிளை எடுத்து, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்து மைதானத்தைச் சுற்றி வந்தான். செயலாளர் முதலில் படமெடுத்தது அவனைத்தான்.

மே 30, வெள்ளி

பாதி சம்மதம் கிடைத்திருக்கிறது: 20 இன்ச் மூன்றும் சின்னப் பிள்ளைகளுக்கு மேடையில் கொடுக்கப்படும், பெரியவை ஒன்பதாம் வகுப்புக்காரர்களுக்கு. ஆனால் எத்தனை என்று சொல்லவில்லை. நாளை மறுநாள் விழா, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள்.

மே 31, சனி

பந்தல்காரர் வந்துவிட்டார். இரண்டு சைக்கிள்களில் ஒட்டிய பஞ்சர் மறுபடி கசிகிறது. அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைத் தேடிக்கொண்டிருக்கிறார். கேள்விக்குறி போட்டவர்களில் வராத இரண்டு பெண்களுடைய ஊருக்குத் தலைமையாசிரியர் தன் வண்டியிலேயே போயிருக்கிறார். எண்ணிக்கையை இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் சொல்வதாகச் செயலாளர் சொன்னார், மணி பத்தேகால் ஆகிறது. அவர் கூப்பிடாவிட்டாலும் 19 சைக்கிள்களிலும் பெயர்ச்சீட்டைக் கட்டிவிடுவது என்று