நற்குடிமைப் பதக்கங்கள்

அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு நற்குடிமைக்காக அளிக்கப்பட்ட பழைய வெண்கலப் பதக்கங்களைச் சில ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். 1889இல் தொடங்கப்பட்ட ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வர்கள்’, 1890இல் உருவான ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ ஆகிய இரு சங்கங்களும் இத்தகைய பதக்கங்களை வழங்கி வந்துள்ளன; அமெரிக்க விடுதலைப் போருக்குத் துணைநின்றவர்களின் வழித்தோன்றல்களே இவற்றின் உறுப்பினர்கள். புதல்வியர் சங்கத்தின் சின்னமான இராட்டையும் அதைச் சுற்றியுள்ள பதின்மூன்று விண்மீன்களும் எனக்கு மிகவும் பிடித்தவை. அந்த விண்மீன்கள் பின்னர் அமெரிக்க ஐக்கிய நாடுகளாக இணைந்த தொடக்ககாலப் பதின்மூன்று பிரித்தானியக் குடியேற்றங்களைக் குறிக்கின்றன. முதல் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க வீரர்கள் 1919இல் நிறுவிய ‘அமெரிக்கன் லீஜன்’ அமைப்பின் பள்ளி விருதுப் பதக்கத்தையும் தேடி வாங்கினேன்.

பின்புறத்தில் மாணவரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்ட பதக்கம் கிடைத்தால், அதனோடு வந்த நாடா, பெட்டி, சான்றிதழ் எதையும் நான் பிரிப்பதில்லை, ஏனெனில் அவை சேர்ந்திருக்கும்போதுதான் அந்தப் பிள்ளையின் ஒருநாள் பெருமை முழுமையாகத் தெரிகிறது. வெண்கலத்தின் மேல் காலம் படியவைத்த பழுப்பு நிறத்தைப் புளியோ மெருகுப்பொடியோ இட்டுத் தேய்த்து அகற்றிவிடக் கூடாது. அது போனால் நுண்ணிய எழுத்துகளின் கூர்மையும் தேய்ந்துவிடும். பச்சை நிறத்தில் மாவுபோல் உதிரும் களிம்பு கண்டால் மட்டும் அப்பதக்கத்தைத் தனியே எடுத்து, ஈரமில்லாத இடத்தில் வைக்கிறேன்.