அடையாறு முகத்துவாரமும் அசையாத கேமராவும்

2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஒன்பதாம் வகுப்புக்குச் சூழலியல் நடத்த வேண்டியிருந்தது. இணையத்தில் கிடைத்த மெய்நிகர் களப்பயணங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. எங்கோ ஒரு வெளிநாட்டு ஓடை, பின்னணி இசை, கண் இமைப்பதற்குள் மாறும் காட்சிகள், எல்லாவற்றையும் விளக்கிவிடும் குரல். பார்த்து முடித்தால் கேட்பதற்கு ஒரு கேள்வியும் மிஞ்சாது. அடையாறு கடலில் கலக்கும் இடம் எனக்குப் பக்கம்தான். சரி, அதையே காட்டலாம் என்று நினைத்தேன்.

ஊரடங்கு தளர்ந்ததும் காலை நடையை உடைந்த பாலம் பக்கம் மாற்றிக்கொண்டேன். ஒரே இடம், ஒரே நேரம், போன் ஸ்டாண்டில் இருக்கும். நான் பேசமாட்டேன், கேமராவை நகர்த்தவும் மாட்டேன். வாட்ஸ்அப்பில் அப்போது 16 எம்பிக்கு மேல் வீடியோ போகாது என்பதால் சின்னத் துண்டுகளாக அனுப்பினேன். பல வீடுகளில் ஒரே போன். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளைகள் கைக்கு வரும். அவர்களுக்கு நேரலை வகுப்பைவிட இது தோதாக இருந்தது.

"மிஸ், கொக்கு அசையவே இல்ல, நெட் போயிடுச்சா?" என்று ஒருவன் கேட்டான். நெட் நன்றாகத்தான் இருந்தது. அது மடையான், இரை வரும்வரை அப்படியே நிற்கும். சலித்துப்போகும் அளவுக்கு அதைப் பார்த்த பிறகுதான், பக்கத்திலேயே நெடுங்கால் உள்ளான் நடந்து நடந்து மேய்வது அவர்கள் கண்ணில் பட்டது. ஒரே சேற்றில் இரண்டு விதப் பிழைப்பு. நான் வாயே திறக்கவில்லை.

ஒரே நேரத்தில் எடுத்தும் தண்ணீர் மட்டும் ஒரே அளவில் இல்லை. ஒரு நாள் சேறு வெளியே தெரியும், நண்டு வளைகளைச் சுற்றி, நண்டுகள் உருட்டிப் போட்ட குட்டி மண் உருண்டைகள் கிடக்கும். சில நாள் கழித்து அதே இடம் தண்ணீருக்குள். மழையா, ஏரியைத் திறந்தார்களா என்று ஆளாளுக்கு ஊகம். ஒரு மாணவி தினக்காலண்டரைப் பக்கத்தில் வைத்து வீடியோக்களை வரிசைப்படுத்தினாள். அமாவாசையன்று எடுத்ததும் பௌர்ணமியன்று எடுத்ததும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன. கடல் ஏறும் நேரம் நிலவோடு சேர்ந்து நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்பதை அதன்பிறகு சொன்னேன். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் இந்தக் கணக்கே குலைந்துபோகும் என்பதையும்.

நவம்பர் 25 அன்று நிவர் புயல் மழையால், அடையாற்றுக்கு உபரி நீர் விடும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள். 2015க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அடுத்து அனுப்பிய வீடியோவில் கலங்கல் தண்ணீரும் மிதந்து போகும் ஆகாயத்தாமரையும்தான். நண்டுகள் செத்துவிட்டனவா என்று கேட்டார்கள். பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். நீர் வடிந்ததும் வளைவாயில் புது உருண்டைகள் இருந்தன. உப்பு ஏறி இறங்குவது அந்த நண்டுகளுக்குப் பழக்கம்தான்.

பள்ளி திறந்தபின் ஒரு சிறு குழுவை நேரில் அழைத்துப் போனேன். முதலில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காற்று புகாத கருஞ்சேற்றின் அழுகிய முட்டை வாடை, அதோடு நகரத்தின் சாக்கடை நாற்றம். இதை எந்த வீடியோவும் தராது.

இருந்தாலும் களப்பயணத்துக்கு முன் அந்த அசையாத வீடியோக்களை இன்றும் காட்டுகிறேன். போகிற நாளில் பஸ், டிபன், தலை எண்ணுவது என்று பாதி நேரம் ஓடிவிடும். அமாவாசை முதல் பௌர்ணமி வரை தினமும் போய்ப் பார்க்க எந்தப் பள்ளியும் அனுமதி தராது.