இணைய முகவரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தைக்கு, மின்கட்டணம் பாக்கி என்றும் இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும் என்றும் சென்ற மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த லிங்க்கைத் தொடுவதற்கு முன் நல்லவேளையாக என்னை அழைத்தார். "கவ் புள்ளி இன்னுன்னு போட்டிருக்குதே கண்ணு, கவர்மென்ட்டுதானே?" என்று கேட்டார்.

வேலூரிலிருந்து நேரில் போய்ப் பார்த்தேன். 'கவ்.இன்' இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு வலப்பக்கம் இன்னொரு புள்ளி, யாரோ விலைக்கு வாங்கிய ஒரு பெயர், மீண்டும் ஒரு புள்ளி, கடைசியில் 'டாப்' என்று முடிந்திருந்தது.

நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் அத்தை வீட்டு முகவரியை எழுதிக் காட்டினேன். நாம் கதவு எண்ணில் தொடங்கினாலும், தபால் பிரிப்பவர் கடைசியில் உள்ள 632602-ஐத்தான் முதலில் பார்க்கிறார். 6 என்றதும் எந்த மண்டலம் என்பதும், 632 என்றதும் எந்தப் பிரிப்பு வட்டாரம் என்பதும், மீதி மூன்று இலக்கங்களில் எந்த அஞ்சலகம் என்பதும் தெரிந்துவிடுகின்றன. தெருவின் பெயர் அதற்குப் பிறகுதான்.

இணைய முகவரியும் அப்படியே. தொடக்கத்தில் வரும் 'எச்டிடிபிஎஸ்' என்பதையும் இரட்டைச் சாய்கோட்டையும் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். (அந்த இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லை என்று, உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2009-இல் சொன்னார்.) நம் மாவட்டத்தின் 'வேலூர்.நிக்.இன்' என்பதில் 'இன்' இந்தியா, 'நிக்' தேசியத் தகவலியல் மையம், 'வேலூர்' அதற்குள் ஒரு பிரிவு. உடைமையாளர் வலப்பக்கம் இருக்கிறார். அவர் தம் பெயருக்கு இடப்பக்கம் எந்தச் சொல்லையும் யாரையும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளலாம். மோசடிக்காரர் நுழைவது அந்த வழியாகத்தான். 'கவ்.இன்' அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. ஆனால் அந்த ஒற்றைச் சாய்கோட்டுக்கு முந்தைய பகுதி அதிலேயே முடிய வேண்டும், நடுவில் வந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

கணினிகளும் இந்த வரிசையில்தான் தேடுகின்றன. ஒரு காலத்தில் வலையமைப்பில் இணைந்திருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் அவற்றுக்குரிய எண்களும் கலிபோர்னியாவில் ஒரே கோப்பில் பராமரிக்கப்பட்டன. அது தாங்காமல் போகவே, 1983-இல் கணினி அறிவியலாளர் பால் மொக்கபெட்ரிஸ் பெயர்களைப் படிப்படியாகப் பிரித்தறியும் முறையை வகுத்தார். இன்று '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளையும் பெற முடியும். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் அத்தையைப் போன்றவர்களுக்காக அவை பெருக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

"பூட்டுப் படம் இருந்தா நம்பலாமா?" என்று அத்தை கேட்டார். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே பூட்டு சொல்கிறது. எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்பதைச் சொல்வதில்லை. திருடனும் தன் வீட்டைப் பூட்டத்தான் செய்வான்.

பிறகு மின்வாரியத்தின் முகவரியை நானே தட்டச்சு செய்து, அத்தையின் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பார்த்தோம். பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லை.